கேட்காத கொசுறு

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்)

அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கினால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை. நான்கு முழம் பூ வாங்கினால் மேலும் ஒரு சாண். இதனைக் கொசுறு என்கிறோம். கொசுறுக்கு மூன்று இலக்கணங்கள் உண்டு. வாங்குகிறவர் அதை விரும்ப வேண்டும். அதற்கென்று விலை கூடுதல் ஆகாது. வேண்டாம் என்றால் கடைக்காரர் முகம் சுளிக்காமல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இம்மூன்றும் பொருந்தாதது கொசுறு ஆகாது, அது திணிப்பு.

வாரச் சந்தையில் கூடை வைத்து அமர்ந்திருக்கும் மூதாட்டிக்கும் தெரிந்த இந்த வேறுபாடு, உலகின் மிகப் பெரிய கணிப்பொறி நிறுவனங்களுக்கும் கார் நிறுவனங்களுக்கும் மறந்துபோயிற்று. செயற்கை நுண்ணறிவு என்னும் புதுப் பொருளை அவை இன்று கணிப்பொறியோடும் காரோடும் சேர்த்தே விற்கின்றன. கேட்டவர்க்கும் உண்டு, கேளாதவர்க்கும் உண்டு. விலையில் அது சேர்ந்துவிடுகிறது. வேண்டாம் என்று சொல்ல வழி தேடினால் வழி எளிதில் கிடைப்பதில்லை. இதனால் வாங்குவோரிடையே எழுந்துள்ள சினம் நியாயமானதா, அன்றி வளர்ச்சியைக் கண்டு அஞ்சும் பழைமைவாதமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அன்றைய எதிர்ப்பும் இன்றைய எதிர்ப்பும்

இயந்திரத்தை எதிர்த்தவர்கள் வரலாற்றில் முன்பும் உண்டு. 1811இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பகுதியில் காலுறை நெய்யும் தொழிலாளர் தறிகளை உடைத்தனர். லட்டைட்டுகள் என்று பெயர்பெற்ற அவர்களை ஒடுக்க, தறியை உடைப்போருக்கு மரண தண்டனை விதிக்கும் சட்டத்தை 1812இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இயற்றியது. பிரபுக்கள் சபையில் அதை எதிர்த்துப் பேசியவர் கவிஞர் பைரன். நம் நாட்டிலும் 1960களில் கல்கத்தாவில் ஆயுள் காப்பீட்டுக் கழக ஊழியர்கள், கணிப்பொறி வந்தால் வேலை போகும் என்று அஞ்சிப் பெரும் போராட்டம் நடத்தினர்.

அவ்விரு போராட்டங்களையும் நடத்தியவர்கள் தொழிலாளர்கள். இயந்திரம் அவர்தம் சோற்றில் கை வைத்தது, ஆகவே எதிர்த்தனர். வாங்குகிறவர்களோ எதிர்க்கவில்லை. துணி மலிந்தது, கணக்கு விரைவில் முடிந்தது என்று மகிழவே செய்தனர். இன்றைய நிலைமை தலைகீழ். பணம் கொடுத்து வாங்குகிறவரே, ‘இது எனக்கு வேண்டாம்’ என்கிறார். இவர் கணிப்பொறியை வெறுப்பவர் அல்லர். அதை விரும்பி வாங்க வந்தவர். காரை வெறுப்பவர் அல்லர்; அதற்காகக் கடன் வாங்கியவர். வாடிக்கையாளரே வேண்டாம் என்னும் ஒன்றை வளர்ச்சி என்று சொல்லி அவர் தலையில் கட்டுவது பொருளியலின் எந்த விதிக்குப் பொருந்தும்?

கணிப்பொறியின் கதை

கணிப்பொறித் துறைக்கு இப்பாடம் புதிதும் அன்று. 1997ஆம் ஆண்டுப் பதிப்பான ஆஃபீஸ் மென்பொருளில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஓர் உதவியாளனை வைத்தது. காகிதம் செருகும் கம்பி போன்ற உருவம். உருட்டி விழிக்கும் கண்கள். கடிதம் எழுதத் தொடங்கினால் போதும், உதவட்டுமா என்று குறுக்கே வந்து நிற்கும். மக்கள் அதை வெறுத்தார்கள். 2001ஆம் ஆண்டுப் பதிப்பில் அது தானாகத் தோன்றாதபடி அணைத்து வைக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் அடியோடு நீக்கப்பட்டது. கேட்காமல் வரும் உதவி தொல்லையே என்பது அன்றே மெய்ப்பிக்கப்பட்ட உண்மை.

ஆயினும் 2024 மே மாதத்தில் அதே நிறுவனம் ‘ரீகால்’ என்னும் வசதியை அறிவித்தது. கணிப்பொறியின் திரையைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை படம் பிடித்துச் சேமித்துக்கொண்டே இருக்கும் வசதி இது. சென்ற வாரம் பார்த்த ஒன்றை மறந்துவிட்டால் தேடித் தருமாம். நல்லதுதான். ஆனால் வங்கிக் கணக்கும், மருத்துவரின் அறிக்கையும், நண்பருக்கு எழுதிய அந்தரங்கக் கடிதமும் அதே திரையில்தானே தோன்றுகின்றன? சேமிக்கப்பட்ட செய்திகளைக் கணிப்பொறிக்குள் புகுந்த பிறர் எளிதாகப் படிக்க முடியும் என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். எதிர்ப்பு வலுத்தது. அறிவித்து மூன்று வாரங்கள் ஆவதற்குள், விரும்பி இயக்குவோருக்கு மட்டுமே அது இயங்கும் என்று நிறுவனம் இறங்கி வந்தது. அடுத்து வெளியீட்டையும் தள்ளி வைத்தது. மறையாக்கம் முதலிய காப்புகளைச் சேர்த்து, 2025 ஏப்ரலில்தான் அது பொதுமக்களுக்கு வந்தது. அதன் பின்னும், அடுத்த மாதமே சிக்னல் என்னும் செய்திப் பரிமாற்றச் செயலி, தன் உரையாடல்களை ரீகால் படம் பிடிக்காதபடி தானே ஒரு தடுப்பை அமைத்துக்கொண்டது.

விலையின் கதை இதனினும் வியப்பானது. ஆஸ்திரேலியாவில் மைக்ரோசாஃப்ட் 365 சந்தாவில் ‘கோபைலட்’ என்னும் செயற்கை நுண்ணறிவைச் சேர்த்துவிட்டு, தனிநபர் ஆண்டுக் கட்டணத்தை 109 ஆஸ்திரேலிய டாலரிலிருந்து 159 டாலராக உயர்த்தினார்கள். 45 சதவிகித உயர்வு! கோபைலட் இல்லாத பழைய சந்தா பழைய விலைக்கே இருந்தது. ஆனால் சந்தாவை ரத்து செய்யும் நடவடிக்கையைத் தொடங்கினால் மட்டுமே அது கண்ணில் படும். ஏறக்குறைய 27 லட்சம் வாடிக்கையாளர்கள் இவ்வாறு தவறாக வழிநடத்தப்பட்டனர் என்று கூறி, அந்நாட்டின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் 2025 அக்டோபரில் வழக்குத் தொடுத்தது. நிறுவனம் அடுத்த மாதமே மன்னிப்புக் கேட்டு, பழைய சந்தாவுக்கு மாறுவோருக்குக் கூடுதல் தொகையைத் திருப்பித் தர முன்வந்தது. கடையை விட்டு வெளியேற வாசற்படியில் கால் வைத்தவருக்கு மட்டும் காட்டப்படும் சரக்கு எத்தகைய சரக்கு என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

இறுதியில் விற்பவர்களே உண்மையை ஒப்புக்கொண்டார்கள். 2026 ஜனவரியில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் டெல் நிறுவனத்தின் அதிகாரிகள், பொதுமக்கள் செயற்கை நுண்ணறிவுக்காகக் கணிப்பொறி வாங்குவதில்லை, அது அவர்களைக் குழப்பவே செய்கிறது என்ற கருத்தை வெளிப்படையாகச் சொன்னார்கள்.

காரின் கதை

இனிக் காருக்கு வருவோம். புதிய கார்களில் முதலில் நுழைந்தது தொடுதிரை. அது செயற்கை நுண்ணறிவு அன்று. ஆயினும் அது நுழைவதற்கு வாசல் திறந்துவிட்டது அதுவே. கைக்குத் தெரிந்த பொத்தான்களை எல்லாம் எடுத்துவிட்டு, ஒரே கண்ணாடித் தட்டில் அடைத்தார்கள். 2022இல் சுவீடனின் ‘வி பிலேகாரே’ என்னும் கார் இதழ் ஒரு சோதனை நடத்தியது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டியபடி வானொலியை மாற்றுதல், இருக்கையைச் சூடாக்குதல் போன்ற சில சிறு வேலைகளைச் செய்ய வேண்டும். பொத்தான்கள் நிறைந்த 2005ஆம் ஆண்டு வால்வோ காரில் அவற்றை முடிக்க 10 விநாடிகள் ஆயின. அதற்குள் கார் 306 மீட்டர் ஓடியிருந்தது. தொடுதிரை கொண்ட புதிய கார்களுள் கடைசியாக வந்த காரில் ஏறக்குறைய 45 விநாடிகள். கார் 1,372 மீட்டர் ஓடிவிட்டது! ஒன்றேகால் கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டுநரின் கவனம் சாலைக்கும் திரைக்கும் இடையே அல்லாடியிருக்கிறது.

2024 ஜனவரியில் ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் தன் கார்களின் குரல் உதவியாளரில் சாட்ஜிபிடியைச் சேர்ப்பதாக அறிவித்தது. 2025 மார்ச்சில் அதே நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவர், ஒலி அளவு, வெப்பம், விசிறி, அபாய விளக்கு ஆகியவற்றுக்கு இனி எல்லாக் கார்களிலும் மெய்யான பொத்தான்கள் இருக்கும் என்றும், பழைய தவற்றை மீண்டும் செய்யப்போவதில்லை என்றும் கூறினார். கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப், 2026 முதல் முழு மதிப்பெண் பெற வேண்டுமானால் திருப்ப விளக்கு, அபாய விளக்கு, துடைப்பான், ஒலிப்பான், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் தனிக் கட்டுப்பாடுகள் வேண்டும் என்று நெறி வகுத்தது. வாங்கியோரின் முணுமுணுப்பு விதியாக மாறிய வரலாறு இது.

காரின் இரண்டாம் குறை, அது பார்த்ததையெல்லாம் பிறரிடம் சொல்லிவிடுவது. 2023இல் மொஸில்லா அறக்கட்டளை 25 கார் நிறுவனங்களின் அந்தரங்கக் கொள்கைகளை ஆராய்ந்தது. ஒன்றுகூடத் தேறவில்லை. 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் நாளேடு, ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் திரட்டிய ஓட்டுநர் விவரங்கள் தரகு நிறுவனங்கள் வழியாகக் காப்பீட்டு நிறுவனங்களைச் சென்றடைவதை வெளிப்படுத்தியது. ஒருவர் காப்பீட்டுக் கட்டணம் 21 சதவிகிதம் உயர்ந்தது ஏன் என்று தேடியபோது, அவர் குடும்பத்தின் 6 மாதப் பயணங்கள், 640 பயணங்கள், புறப்பட்ட நேரம், திடீரென்று பிரேக் பிடித்த தருணங்கள் வரை ஓர் அறிக்கையாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. 2025 ஜனவரியில் அமெரிக்க வணிக ஆணையம், இத்தகைய விவரங்களைத் தரகர்களுக்குக் கொடுக்க அந்நிறுவனத்துக்கு 5 ஆண்டுத் தடை விதிக்கும் உடன்பாட்டை அறிவித்தது. சொந்தக் காரே சொந்தக்காரர்மேல் கோள் சொல்லும் காலம் இது!

மூன்றாவது குறையை நான் நாளேட்டில் படிக்கவில்லை. என் தாய்மாமனிடம் கேட்டேன். அவர் ஒருவரிடம் கார் ஓட்டுநராக இருக்கிறார். இருபத்திரண்டு ஆண்டு அனுபவம். முதலாளி வாங்கிய புதுக் காரில் முன் கண்ணாடிக்குப் பின்னே ஒரு கேமரா உண்டு. அது சாலையின் வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே வரும். திருப்ப விளக்கைப் போடாமல் கார் கோட்டைத் தாண்டினால், அதுவாக ஸ்டீயரிங்கைக் கோட்டுக்குள் திருப்பும். நேர்கோடாகக் கிடக்கும் நெடுஞ்சாலையில் கண்ணயர்ந்த ஓட்டுநரை இது காப்பாற்றும் என்பதில் ஐயமில்லை. ஆனால் எங்கள் பக்கத்துச் சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயும். எதிரே மாட்டுவண்டி வரும். குறுக்கே ஆடு பாயும். ஒதுங்க வேண்டிய கணத்தில் ஸ்டீயரிங் எதிர்ப்பக்கம் இழுத்தால் என்ன ஆகும்?

“மாப்பிள்ளை, எதுக்க வர்ற வண்டியப் பாக்கறதா, இந்த ஸ்டீயரிங்கோட மல்லுக்கட்டறதா? தெனமும் காலையில வண்டிய எடுத்ததும் மொத வேலை அதை அணைக்கறதுதான். நேத்து வேண்டாம்னு சொன்னது அதுக்கு இன்னிக்கு ஞாபகமே இல்ல” என்றார் மாமா.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். நான் படித்த கட்டுரைகள் அத்தனையும் சொல்ல வந்ததை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். திரையில் தோன்றியதை எல்லாம் நினைவில் வைக்கும் கணிப்பொறி. பிரேக் பிடித்த தருணங்களை எல்லாம் நினைவில் வைக்கும் கார். இவை நம்முடைய ‘வேண்டாம்’ என்ற சொல்லை மட்டும் மறந்துபோவானேன்? இயந்திரத்துக்கு மறதி இல்லை. மறக்கும்படி அமைத்தவர்கள் மனிதர்கள்.

ஏன் திணிக்கிறார்கள்?

காரணம் பொருளியலில் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவில் கொட்டப்பட்டுள்ள முதல் சிறிதன்று. ஓப்பன்ஏஐ என்னும் ஒரே நிறுவனத்தில் மைக்ரோசாஃப்ட் இட்ட முதலீடு மட்டும் ஏறத்தாழ 1,300 கோடி டாலர். இட்ட முதலுக்குப் பயன் உண்டு என்று பங்குதாரர்களுக்குக் காட்டியாக வேண்டும். ‘இத்தனை கோடிப் பேர் பயன்படுத்துகிறார்கள்’ என்று சொன்னால்தான் பங்கு விலை நிற்கும். விரும்பியவர்க்கு மட்டும் விற்றால் எண்ணிக்கை மெல்லத்தான் ஏறும். எல்லார்க்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் ஒரே நாளில் ஏறும். தவறிப்போய்ப் பொத்தானைத் தொட்டவரும் பயனாளர் கணக்கில் சேர்ந்துவிடுகிறார்.

வேண்டாம் என்பவரும் இதற்கு விலை கொடுக்க நேர்கிறது. கணிப்பொறிக்கு வேண்டிய நினைவகச் சில்லுகளைச் செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் வாரிக்கொண்டு போவதால், 2025இன் இறுதியில் அவற்றின் விலை கடுமையாக ஏறிற்று. மைக்ரான் நிறுவனம் ஏறக்குறைய 30 ஆண்டுகளாகப் பொதுமக்களுக்கு விற்றுவந்த ‘குரூஷியல்’ நினைவக வணிகத்தையே விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது.

ஒரு பொருளை வாங்க மற்றொன்றையும் வாங்கியே ஆகவேண்டும் என்னும் முறை நமக்குப் புதிதன்று. சமையல் எரிவாயு இணைப்புக் கேட்டால் அடுப்பையும் சேர்த்து வாங்கு என்றதையும், சர்க்கரை வேண்டுமானால் சோப்பும் தேயிலையும் எடு என்றதையும் நம் தாய்மார்கள் அறிவார்கள். பொருளியலில் இதற்குப் பிணைப்பு விற்பனை என்று பெயர். போட்டியைக் குலைக்கும் அளவுக்குப் போனால் நம் நாட்டின் 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் அதைக் குற்றமாகக் கருதுகிறது. அன்று சோப்பைத் தனியே எடுத்துப் பக்கத்து வீட்டுக்காவது விற்க முடிந்தது. இன்று காருக்குள் பிணைத்ததைப் பிரித்தெடுக்கக்கூட முடியாது.

மறுப்பும் விடையும்

‘புதியது எதையும் மக்கள் முதலில் எதிர்க்கத்தான் செய்வார்கள். இருக்கை வாரையும் எதிர்க்கவில்லையா?’ என்று கேட்பவர் உண்டு. கேள்வி நியாயமானது. தானே பிரேக் பிடிக்கும் அமைப்பு உயிர்களைக் காக்கிறது. எழுத்தை வாசித்துக் காட்டும் கணிப்பொறி பார்வையற்ற மாணவருக்குக் கண்ணாகிறது. பேச்சை எழுத்தாக்கும் கணிப்பொறி செவி கேளாதவர்க்குச் செவியாகிறது. இவற்றை எதிர்ப்பவர் எவரும் இலர். நானும் அல்லேன்.

ஆனால் இருக்கை வாரின் வரலாற்றைச் சற்று எண்ணிப் பாருங்கள். இன்று நாம் அணியும் மூன்று முனை வாரை 1959இல் வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நீல்ஸ் போலின் உருவாக்கினார். உயிர் காக்கும் பொருள் என்பதால் அந்நிறுவனம் அதன் காப்புரிமையைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்தத் திறந்துவிட்டது. வார் நம் பயணத்தைக் குறிப்பெடுக்கவில்லை. காப்பீட்டாளரிடம் செய்தி சொல்லவில்லை. மாதச் சந்தா கேட்கவில்லை. அதன் நன்மை விபத்துக் கணக்குகளால் மெய்ப்பிக்கப்பட்டு, சட்டமன்றங்களில் விவாதிக்கப்பட்டு, பிறகே கட்டாயம் ஆயிற்று. ஒன்றைக் கட்டாயமாக்கும் அதிகாரம் மக்கள் மன்றத்துக்கு உண்டு; விற்பனைப் பிரிவுக்கு இல்லை.

உரிமை எது?

1962 மார்ச் 15இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி தம் காங்கிரசுக்கு விடுத்த செய்தியில் நுகர்வோருக்கு நான்கு உரிமைகளை வகுத்துரைத்தார். பாதுகாப்பு, செய்தி அறிதல், தேர்ந்தெடுத்தல், குறையைச் சொல்லுதல் என்பன அவை. நம் நாட்டில் 1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் 2019இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. இந்நான்கனுள் மூன்றாவதாகிய தேர்ந்தெடுக்கும் உரிமைக்கு நாம் இதுவரை பாதிப் பொருளே கொண்டிருக்கிறோம். இரண்டில் ஒன்றைத் தேர்வது மட்டும் தேர்வு அன்று. இரண்டும் வேண்டாம் என்பதும் தேர்வே. மறுக்கும் உரிமை இல்லாதவன் தேர்ந்தெடுக்கும் உரிமையும் இல்லாதவனே.

2023இல் நம் பாராளுமன்றம் இயற்றிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்திசையில் ஒரு நல்ல அடி. ஒப்புதல் என்பது கட்டாயமின்றி, தெளிவாக, செய்தி அறிந்து தரப்படுவதாக இருக்க வேண்டும். கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது அது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முதன்மையான கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டது.

இதனோடு மூன்று கோரிக்கைகள் சட்டமாக வேண்டும் என்பது என் கருத்து. செயற்கை நுண்ணறிவு இல்லாத பொருளின் விலையையும் உள்ள பொருளின் விலையையும் கடையிலேயே தனித்தனியே காட்ட வேண்டும். உயிர் காப்பதற்கெனச் சட்டம் கட்டாயமாக்கியவை நீங்கலாக, ஏனைய அனைத்தையும் அணைக்க ஒரே பொத்தான் வேண்டும்; அணைத்தால் அணைந்தே இருக்க வேண்டும். திரட்டிய விவரம் எங்கே போகிறது என்பதை வாங்குகிறவர் மொழியில் ஒரு பக்கத்துக்குள் எழுதித் தர வேண்டும். இவை முடியாத காரியங்கள் அல்ல. ஃபயர்பாக்ஸ் உலாவியில் செயற்கை நுண்ணறிவு வசதிகள் அனைத்தையும் ஒரே இடத்தில் தடுத்து நிறுத்தும் அமைப்பை 2026 பிப்ரவரியில் கொண்டுவந்தார்கள். ஒருவரால் இயன்றது பிறரால் இயலாதா?

நாம் செய்ய வேண்டியது

நண்பர்களே, இது எங்கோ ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் நடக்கும் செய்தி என்று இருந்துவிட வேண்டா. 2026 ஜனவரியில் தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. நம்மில் பலருக்கு வீட்டின் முதல் பட்டதாரி என்னும் பெருமையோடு, வீட்டின் முதல் கணிப்பொறி என்னும் பெருமையும் சேர்ந்தே வருகிறது. அதை முதன்முதலாக இயக்கும்போது திரை நம்மிடம் வரிசையாகச் சில கேள்விகளைக் கேட்கும். இருப்பிடத்தை அறியலாமா? தட்டச்சு செய்வதைப் பார்க்கலாமா? எங்கள் வகுப்பில் ஒரு நண்பனின் புதிய கணிப்பொறியைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றோம். எல்லாவற்றுக்கும் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்தச் சொல்லி அவசரப்படுத்தியவன் நான். ஒப்பந்தச் சட்டத்தைத் தேர்வுக்காக நெட்டுருப் போட்ட பொருளியல் மாணவனாகிய நான் ஒரு வரியைக்கூடப் படிக்கவில்லை. என் மாமா தினமும் காலையில் தவறாமல் செய்வதை நான் ஒருநாள்கூடச் செய்யவில்லை என்பதை அன்றிரவு எண்ணி வெட்கப்பட்டேன்.

மறுநாள் நாங்கள் மீண்டும் உட்கார்ந்து, அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து படித்தோம். வேண்டியதை வைத்துக்கொண்டோம், ஆங்கிலப் பாடத்தை வாசித்துக் காட்டும் வசதி அவற்றுள் ஒன்று. வேண்டாதவற்றை அணைத்தோம். முழுதாக ஒரு மணி நேரம் ஆயிற்று. ஏற்பதற்கு ஒரு நிமிடமும் மறுப்பதற்கு ஒரு மணியும் ஆகும்படி அமைத்ததே அநீதி. ஆயினும் அந்த ஒரு மணி நேரத்தைச் செலவிடுவோம். கார் வாங்கும் உறவினரோடு கடைக்குப் போனால், ‘இதை நிரந்தரமாக அணைக்க முடியுமா?’ என்று கேட்போம். முடியாது என்றால் விலையைக் குறைக்கச் சொல்வோம். ரீகாலைத் தள்ளி வைக்கச் செய்ததும், பொத்தான்களைக் காருக்குத் திரும்பக் கொண்டுவந்ததும் இப்படிக் கேட்டவர்களின் குரல்களே.

கறிவேப்பிலையை வேண்டாம் என்றால் சந்தை மூதாட்டி கோபிப்பதில்லை. அதை எடுத்து அடுத்தவருக்கென்று வைத்துக்கொள்கிறார். மறுவாரம் நாம் போகும்போது, வேண்டாம் என்றதை நினைவில் வைத்திருந்து, “உனக்கு மல்லித்தழைதானே தாயி?” என்று கேட்கிறார். அறிவுடைய பொறிகளைச் செய்வோர் அந்த அறிவையும் அவரிடமிருந்து கற்றுக்கொள்வார்களாக.